ஸ்டெல்லா அக்காவின் ஐந்தாவது எட்டு

இன்று காலை ஆறரை மணிக்கு, ஆழ்ந்து யோசித்து, இனி வாழ்நாள் முழுவதும் சைவம் என்று முடிவெடுத்தேன். வீட்டாருக்கும் முறைப்படி அறிவித்தேன்.

ஏழு மணிக்கு வாசலில் ஹார்ன். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கூடை சுமந்து நடந்தே வரும் மீன்கார ஸ்டெல்லா அக்கா, ஸ்கூட்டரில்! பின்னால் மீன்பெட்டி.

லைசென்சுக்கு எட்டு போடப் போய் நாலு தடவை விழுந்தவர். ஆறு மாதமாகக் கோயில் மைதானத்தில் இரண்டு தென்னைகளைச் சுற்றிச் சுற்றிப் பழகினார்.

"அஞ்சாவது தடவ காலு ஊணாம போட்டுட்டேன், மக்கா!"

ஹெல்மெட் தலையில் இறங்காமல் நின்றது. கழற்றினார். உள்ளே, கூடை சுமக்கத் தலையில் சுற்றிவைக்கும் துணிச் சும்மாடு.

"இப்ப இது எதுக்கு?" என்றேன்.

"பழக்கத்துல சுத்திட்டேன். சிரிக்காத. வண்டியில வந்த மொத மீனு, ஒனக்குத்தான்."

மதியம் சாளை மீன் குழம்பு.