பெரியப்பாவின் பாதி மூடிய கார்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பேச்சை யாரும் நம்புவதில்லை. கல்லூரி விடுதியில் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது மூன்று பேர் வந்து பார்த்து, "நல்லா பண்றான்ல?" என்று கைதட்டிவிட்டுப் போனார்கள். வாயால் கெட்டவன் நான். ஆனால் இதில் ஒரு வரிகூட என் கைச்சரக்கு இல்லை. சாட்சிக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார். இந்தப் பேச்சை எடுத்தாலே அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

பெரியப்பாவிடம் ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கரும்பச்சை நிறம். இரண்டு பேருக்கான வண்டி. கூரை கிடையாது. வருஷம் பூராவும் மழை பெய்கிற நாட்டுக்காரர்கள் எதை நினைத்துக் கூரையில்லாத காரைச் செய்தார்களோ, அவர்களுக்கே வெளிச்சம். நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டும். கேட்டால், "சொட்டுற வரைக்கும் உள்ள எண்ணெய் இருக்குடா" என்பார் பெரியப்பா.

உட்காரும் இடத்தை மூட ஒரு கான்வாஸ் உறை உண்டு. நடுவில் ஜிப். ஓட்டுகிறவர் பக்கத்தை மட்டும் திறந்துகொண்டு, பக்கத்து இடத்தை மூடியபடியே ஓட்டலாம். பெரியப்பா அப்படித்தான் ஓட்டினார். எப்போதும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்புவார், இருட்டிய பிறகு திரும்புவார். எங்கே போனீர்கள் என்றால், "இன்ஜினைச் சூடு பண்ணிட்டு வந்தேன்." பெரியம்மாவைக்கூட ஒரு நாள் அதில் ஏற்றியதில்லை. சின்ன வயதில் நான் தரையில் புரண்டு அழுதிருக்கிறேன். "உக்கார இடம் இல்லடா" என்பார். கஞ்சத்தனத்தில் இது ஒரு புது ரகம் என்று வீட்டில் எல்லோரும் சிரிப்போம்.

பெரியப்பா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மேட்டுச் சாலையில் இருக்கும் இல்லத்துக்குக் காரைக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். எழுந்து நடமாட முடியாதவர்களை இலவசமாகப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. காரை ஏலம் விட்டு ஆம்புலன்ஸ் வாங்குவதாக அவர்கள் திட்டம். 'அவர் கை பட்ட ஸ்டியரிங், இன்னும் நாலு நாள் இருக்கட்டுமே' என்று பெரியம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

அதற்குள் அது ஆரம்பித்துவிட்டது.

அந்தக் காரில் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் அடிக்கும். டிக்... டிக்... டிக். பெட்ரோல் நிரம்பியதும் நின்றுவிடும். பூட்டிய ஷெட்டுக்குள் தினமும் மாலை சரியாக ஆறே முக்காலுக்கு அந்தச் சத்தம் கேட்டது. சாவி பெரியம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்தது.

நான் போனபோது பெரியம்மா பாதியாக இளைத்திருந்தார். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. மாத்திரை போட்டும் தூக்கமில்லை.

"இன்னிக்கு அது போகணும்டா. இல்லன்னா நான் போயிடுவேன்."

"எலி ஒயரைக் கடிச்சிருக்கும் பெரியம்மா."

"எலிக்கு மணி பாக்கத் தெரியுமா?"

நான் எழுந்து போய் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பேச்சில் தோற்பது எனக்குப் புது அனுபவம்.

மெக்கானிக் வந்து வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். "பிரேக்கு சுமார்தான் தம்பி. மெதுவா போங்க, நான் என் வண்டியில பின்னாடியே வர்றேன். அந்தப் பக்கக் கவரைக் கழட்டிடவா?"

"வேணாம்" என்றார் பெரியம்மா. "அவர் எப்படி ஓட்டினாரோ அப்படியே போகட்டும்."

மேட்டுச் சாலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. நான் தொப்பலாக நனைந்தேன். பக்கத்து இடத்தை மூடியிருந்த கான்வாஸ் நடுவில் தொய்ந்து, அதில் ஒரு தட்டு அளவுக்குத் தண்ணீர் தேங்கியது. வளைவுகளில் அந்தத் தண்ணீர் அப்படியும் இப்படியும் ஆடியது. சாலையைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் தண்ணீர் ஆடுவதை நிறுத்தியது.

பிறகு மெல்ல வழிய ஆரம்பித்தது. விளிம்பைத் தாண்டி, கதவுப் பக்கமாக. எல்லாத் தண்ணீரும்.

தொய்ந்திருந்த துணி மேலே எழும்பிக்கொண்டிருந்தது... உள்ளேயிருந்து.

காற்று என்று சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே சொன்னேன்.

காற்று என்றால் முழுத் துணியும் உப்பும். இது இரண்டே இடத்தில் எழும்பி நின்றது. பக்கத்துப் பக்கத்தில். முழங்கால்கள் மாதிரி.

கியரை மாற்றக் கை வைத்தேன். கியர்க் குமிழ் என் உள்ளங்கைக்குள் அசைந்தது.

டக்... டக்.

கியர் மாற்றுவதற்கு முன்னால் குமிழை இரண்டு முறை தட்டுவது பெரியப்பாவின் பழக்கம். வீட்டில் எல்லோரும் அவரைக் கேலி செய்வோம். நான் நடித்தே காட்டுவேன்.

கியர் தானாக விழுந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இல்லத்தின் கேட் தெரிந்தது. முன்பக்கம் ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு. யாரோ உட்கார்ந்திருந்தார்கள். போர்ட்டிகோவில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை உருவி எடுத்தேன்.

டிக்... டிக்... டிக்.

மெக்கானிக் ஓடி வந்தார். "சாவியை எடுங்க தம்பி."

கையை விரித்துக் காட்டினேன்.

அவர் பேட்டரியைக் கழற்றினார். தூக்கிக்கொண்டு போய்த் தன் வண்டியில் வைத்தார். திரும்பி வந்தார்.

டிக்... டிக்...

இருவரும் நின்று கேட்டோம்.

டிக்......

நின்றது.

மணி பார்த்தேன். ஆறே முக்கால்.

அந்த நொடியில் உள்ளே யாரோ ஓடும் சத்தம் கேட்டது. நர்ஸம்மா வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "சார் வரலையா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"பெரியப்பா இறந்து ஒரு மாசம் ஆச்சு."

"தெரியும். ஆபீஸ்ல சொன்னாங்க..." குரல் இறங்கிவிட்டது. "ஆனா அந்த அம்மாகிட்ட நாங்க சொல்லல. மனசு வரல. இப்பதான் கார் சத்தம் கேட்டு, 'அண்ணன் வந்துட்டாரு'ன்னு சிரிச்சாங்க. அப்படியே... தலை சாஞ்சிடுச்சு."

"எந்த அம்மா?"

"உங்க அத்தைங்க."

என் அத்தை நான் பிறப்பதற்கு முன்பே விபத்தில் இறந்துவிட்டார் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

ஜன்னலோரம் அவர் உட்கார்ந்த நிலையிலேயே இருந்தார். சின்ன உருவம். உட்கார்ந்திருந்தது சக்கர நாற்காலியில் இல்லை. இரும்புச் சட்டத்தில் நாலு சக்கரம் வைத்து, அதன் மேல் ஒரு சிவப்புத் தோல் சீட்டைப் பொருத்தியிருந்தார்கள். கார் சீட். நர்ஸம்மா சொன்னார்: இதே காரில், இதே சாலையில், பெரியப்பா ஓட்டும்போது கார் கவிழ்ந்தது. அத்தைக்கு முதுகெலும்பு போய்விட்டது. வேறு எந்த நாற்காலியிலும் உட்கார முடியவில்லை. பெரியப்பா தன் காரிலிருந்தே சீட்டைக் கழற்றி இப்படிச் செய்து கொடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஆறே முக்காலுக்கு வந்துவிடுவார்.

வெளியே ஓடி அந்த ஜிப்பைத் திறந்தேன்.

சீட் இல்லை. வெறும் தகரத் தரை. துருப்பிடித்த நான்கு துளைகள். மழை அவ்வளவு பெய்தும் ஒரு சொட்டு ஈரமில்லை.

மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு ஜிப்பை இழுத்து மூடினார். "கிளம்பலாம் தம்பி."

நர்ஸம்மா படிவரை வந்தார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அண்ணன் சொல்லிட்டாருன்னு காலையிலேர்ந்து ஒரே சந்தோஷம் அவங்களுக்கு."

"எப்ப சொன்னாராம்?"

"நேத்து சாயங்காலம்னாங்க."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு எழுந்து போனார். அன்று இரவு அவர் அறையில் விளக்கு அணையவில்லை என்று அம்மா பிறகு சொன்னார். அத்தை காரியங்களுக்கு மறுநாள் போனது பெரியம்மா, நான், மெக்கானிக், நர்ஸம்மா என்று நாங்கள் நான்கு பேர்தான்.

காரைக் கொடுத்துவிட்டு வந்த ராத்திரி நான் பெரியம்மா வீட்டில் தங்கினேன். நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. விளக்கை அணைக்கும்போது மட்டும், "அவளுக்கு மழைன்னா பயம். கவரை நல்லா மூடிட்டு வந்தியா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் தூங்கிப்போனார். ஒரு மாதத்தில் முதல் தூக்கம். மூச்சு சீராக வந்தது. நான்தான் விடியும்வரை அதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலையில் போன் அடித்தது. மெக்கானிக். காரைத் தங்கள் ஷெட்டுக்கு மாற்றித் தரச் சொல்லி இல்லத்தில் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"தம்பி... நேத்து நீங்களும் பாத்தீங்கல்ல? சீட் இல்லல்ல?"

"இல்ல."

"இருக்கு."

பெரியம்மா எழுந்துவிடக் கூடாதென்று நான் வராந்தாவுக்கு நகர்ந்தேன்.

"சிவப்பு சீட்டு. நாலு போல்ட்டும் முடுக்கியிருக்கு. எல்லாம் துரு. முப்பது வருஷமா யாரும் தொடாத போல்ட்டு மாதிரி இருக்கு. உள்ள போய்ப் பாத்தேன், ஜன்னல்கிட்ட வெறும் இரும்புச் சட்டம்தான் நிக்குது. இவங்க யாரும் எடுக்கலயாம்."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"பேட்டரி?" என்றேன்.

"என் வண்டியிலதான் இருக்கு. ராத்திரி பூரா எங்க வீட்டு வாசல்ல."

நான் போனை வைக்கப் போனேன்.

"தம்பி, வச்சிடாதீங்க... ரெண்டு சீட்டுலயும் கை வச்சுப் பாத்தேன்."

"ம்."

"ரெண்டும் சூடா இருக்கு. இன்ஜினும்."