தேனுக்குள் வந்த ஆடு

மூன்று வாரம் முன்பு பழனியில் ஒரு கடைக்காரர் தேன் டின்னைத் திறந்து மோந்து பார்த்தார். ஆட்டு வாடை வருகிறதாம்!

பஞ்சாமிர்தக் கடை அது. தேன், கொடைக்கானல் பக்கம் பள்ளங்கி மும்தாஜ் அக்காவுடையது. வீட்டுக்காரர் இறந்தபின் தேன்பெட்டிகளை நம்பித்தான் பிழைக்கிறார். தைப்பூசத்துக்கு அந்த ஒரு கடை எடுக்கும் தேன்தான் அவருக்கு வருஷச் சாப்பாடு. டின் இறக்கித் தர அக்காவோடு நானும் ஜீப்பில் போயிருந்தேன்.

அவர் கேட்டு நாங்கள் அனுப்பியிருந்த சாம்பிளுக்கு வந்த லேப் ரிப்போர்ட்டைக் கடைக்காரர் நீட்டினார். தேனில் சர்க்கரைப்பாகு கலந்திருக்கிறதா என்று புரதத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் புது டெஸ்ட். தேனீயின் புரதம் இருந்தது. சந்தோஷம். அடுத்த வரியில் செம்மறி ஆடு இருந்தது.

“சாமிக்குப் போற சாமான்மா. பெட்டியில தேனீ வளக்குறியா, ஆடு வளக்குறியா?”

“தேனீ பூவுக்குத்தாண்ணே போகுது. கறிக்கடைக்கா போகுது?”

“அவங்க வீட்டுல ஆடு இல்லாமயா இருக்கும்?” என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

நாலு பேர் சிரித்தார்கள். நாங்கள் டின்களைத் திரும்ப ஜீப்பில் ஏற்றினோம்.

ஊர் வந்ததும் நாயுடுபுரத்தில் என் ஸ்வெட்டர் கடையில் உட்கார்ந்து அக்கா லேபுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில். பேசிய பெண் பொறுமையாகத்தான் சொன்னார்.

“புரதத்தைத் துண்டு துண்டாக்கி மெஷின்ல எடை பார்ப்போம்மா. அந்த எடையெல்லாம் எந்த உயிரோட புரதத்துக்குப் பொருந்துதுன்னு கம்ப்யூட்டர் பெரிய லிஸ்ட்டுல தேடிப் பேர் சொல்லும்.”

“ஆடு எப்படிம்மா பொருந்துச்சு?”

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். “இது ரோமத்துல இருக்குற புரதம்மா... கம்பளி. சாம்பிள் எடுக்கையில கம்பளி ஏதும் பட்டுச்சா?”

எனக்கு வேர்த்தது. மார்கழிக் குளிர் விடாத கொடைக்கானலில்!

லேபுக்குப் போன சாம்பிள் பாட்டிலை நிரப்பியது நான்தான். கூரியர் ஆபீஸ் என் கடைக்குப் பக்கம். குளிரில் தேன் இறுகிப்போய் டின்னை விட்டு இறங்கவில்லை. மலையில் எல்லாரும் செய்வதுபோல் ரெண்டு ஸ்வெட்டரைச் சுற்றி டின்னைச் சூடாக வைத்தேன். பாட்டிலில் கை படக் கூடாது என்று லேப் கொடுத்த தாளில் இருந்தது. பத்தாவது படித்தவன்... படித்ததை அப்படியே செய்தேன். ஷெல்ஃபிலிருந்து புதுக் கம்பளிக் கையுறை எடுத்து மாட்டிக்கொண்டேன். வழிந்ததை மஃப்ளர் நுனியால் துடைத்தும் விட்டேன். எவ்வளவு சுத்தம், பாருங்கள்!

“முடி, தோல், கம்பளியெல்லாம் எப்பவும் வர்ற தூசிதாம்மா. அதுக்குன்னு தனி லிஸ்ட் வச்சுக் கழிச்சிருவோம். உங்க சாம்பிளுக்கு அதைச் சேர்க்காம விட்டுட்டாங்க. திருத்தி வேற ரிப்போர்ட் தர்றோம். ஸாரிம்மா” என்றார் லேப் பெண்.

அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏலே... உன் சோலியா இது?”

“நானே வந்து கடையில சொல்றேங்க்கா” என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

புது ரிப்போர்ட் வரப் பதினைந்து நாள் ஆனது. போன செவ்வாய்க்கிழமை மறுபடி பழனி. கடைக்காரர் வாங்கிப் படித்தார். ஆடு போய், கீழே ‘கம்பளித் தூசி’ என்று ஒரு குறிப்பு இருந்தது.

“கம்பளியா? தேனுக்குள்ள கம்பளி எப்படிம்மா வரும்? ஆட்டை மறைக்கக் கம்பளியப் போத்துறியாக்கும்!”

மறுபடியும் சிரிப்பு. அக்கா என் பக்கம் திரும்பினார்.

தெரியாத ஆட்கள் நாலு பேர் நின்றால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் ஒரு பஞ்சாமிர்த டப்பாவை எடுத்து லேபிளைப் படிக்க ஆரம்பித்தேன். எடை... தயாரித்த தேதி...

அக்கா கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, “எங்கயோ பட்டுருச்சுண்ணே” என்றார்.

“இருக்கட்டும்மா. நான் வேற எடத்துல எடுத்துட்டேன்.”

ஜீப்பில் திரும்பினோம். பெருமாள்மலை தாண்டியதும் அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். “குளிருதாலே? கண்ணாடிய ஏத்திக்க.”

திட்டியிருக்கலாம்.

கம்ப்யூட்டர் பரவாயில்லை. தப்பு என்றால் இன்னொரு தரம் ஓட்டித் திருத்திக்கொள்கிறது. கடையில் சிரித்தவர்களுக்கு யார் புது ரிப்போர்ட் அனுப்புவது?

இதோ, இத்தனை பேர் படிக்க எழுதிவிட்டேன். சொல்ல வேண்டியிருந்தது அந்தக் கடையில் ஒரே ஒரு ஆளிடம்.