ஏழாம் வீட்டுக் கரண்ட்

இது யாரோ சொல்லிக் கேட்ட கதையில்லை. எனக்கு நடந்தது. மடுல்கெல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், போன ஒக்டோபர் மாதம். தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் வேலை செய்கிறார்கள். நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வருகிறது.

என் பெயர் ஸனா. கண்டியில் சோலார் பொருத்தும் ஒரு கம்பனியில் எஞ்சினியராக இருந்தேன். அந்தத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருபத்துநான்கு குடும்பங்கள். மழை பெய்தால் மரம் விழும். மரம் விழுந்தால் கரண்ட் கம்பி அறும். அதைச் சரிசெய்ய ஆட்கள் வந்து சேர இரண்டு மூன்று நாளாகும். அதனால் ஒரு தொண்டு நிறுவனம் உதவி செய்து, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் கூரையில் சோலார் தகடுகளும், பக்கத்து அறையில் அலுமாரி அளவு பெட்டரியும் வைத்தது. இருபத்துநான்கு வீட்டுக்கும் பொதுவான பெட்டரி. வயர் இழுத்துச் சுவிட்ச் போர்ட் பூட்டியது நான்தான்.

ஏழாம் வீட்டில் பத்மாதேவி இருந்தார். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். நுரையீரல் கெட்டுப்போய், ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. புஸ்... டக். புஸ்... டக். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தருவார். பெட்டரி இறங்க இறங்க மற்ற வீடுகள் ஒவ்வொன்றாக அணைய வேண்டும், ஏழாம் வீடு மட்டும் கடைசிவரை எரிய வேண்டும் என்று நான் செட் பண்ணி வைத்திருந்தேன். இருபத்துமூன்று வீட்டுக்காரரும் அதற்குச் சரி என்றார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

ஒக்டோபரில் ஒரு நாள் என் முதலாளி மகேந்திரராசா கூப்பிட்டார். மடுல்கெல்லையில் ஹோட்டலுக்குப் போகிற லைன் தினமும் பொழுதுபடும் நேரம் நின்றுவிடுகிறதாம், போய்ப் பார்க்கச் சொன்னார்.

எந்த ஹோட்டல் என்று கேட்டேன். லயத்துக்கு மேலே இருந்த பழைய துரை பங்களா இப்போது சுற்றுலா ஹோட்டல். இரண்டு மாதத்துக்கு முன்னால் அதையும் அந்தப் பெட்டரியில் இணைத்தாயிற்றாம். வேறு ஆளை அனுப்பிச் செய்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் கம்பனி டிரைவர் ஹபீல் நானா வேன் ஓட்டினார். போய்ச் சேர ஐந்தரை மணியாகிவிட்டது. மழை. அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பனிமூட்டத்துக்குள் லயம் முழுக்க இருட்டு. மேலே ஹோட்டல் மட்டும் தேர் மாதிரி எரிந்தது. தோட்டத்து மரங்களில்கூடச் சின்னச் சின்ன பல்புகள்.

 

பெட்டரி அறைச் சாவி பத்மாதேவியின் கணவர் ராஜலிங்கத்திடம் இருந்தது. கதவைத் திறந்து விட்டுவிட்டு ஓரமாக நின்றார். நான் போர்ட்டைப் பார்த்தேன். என் வயர்களுக்கு நடுவில் ஒரு தடித்த கறுப்பு வயர். வரிசை மாற்றப்பட்டிருந்தது. முதலில் ஹோட்டல். அங்கே எடுத்தது போக மிஞ்சினால்தான் லயம். ஏழாம் வீட்டுக்கும் அதே விதி.

"அவங்க எங்க?" என்று கேட்டேன்.

"போயிட்டா மிஸ். போன மாசம், கரண்ட் இல்லாத அந்த மூணு நாள்ல. ரெண்டாம் நாள் சாயங்காலமே நம்ம பெட்டரி நின்னுபோச்சு. மேல மட்டும் எரிஞ்சிச்சு."

"வீட்டுலதானே?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

 ஹோட்டல் சுவிட்சைக் கீழே இழுத்தேன். லயத்துச் சுவிட்சை மேலே தள்ளினேன். வெளியே ஒவ்வொரு வாசலாக வெளிச்சம் வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள்.

ஐந்து நிமிடம் போகவில்லை, முதலாளியின் கோல் வந்தது. ஹோட்டல்காரர்கள் அவரைப் போனில் பிடித்துவிட்டார்கள். பத்மாதேவியைப் பற்றிச் சொன்னேன். 

"ஸனா, முதல் ஹோட்டலுக்குக் குடுங்கோ. மற்றதைப் பிறகு கதைப்பம்."

போனை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் போர்ட்டின் திரையைக் கவனித்தேன். எந்த வீட்டுக்கு எவ்வளவு கரண்ட் போகிறது என்று அது காட்டும். மற்ற வீடுகளில் ஒரு பல்பு, இரண்டு பல்பு. முப்பது வொட், நாற்பது வொட். ஏழாம் வீட்டில் முந்நூற்று நாற்பது.

அந்த மெஷின் ஓடும்போது எடுக்கிற அளவு அது.

மெஷினை யார் பாவிக்கிறார்கள் என்று ராஜலிங்கத்திடம் கேட்டேன். அது அப்போதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்விட்டதாம். வீடு பூட்டியிருக்கிறதாம். அவர் தம்பி வீட்டில் படுக்கிறாராம்.

"தெனமும் இந்த நேரத்துக்கு இப்படித்தான் காட்டுது மிஸ். அந்நேரம் மேல அணைஞ்சிரும்."

மணி ஆறேகால்.

எங்கோ வயர் நனைந்து கரண்ட் கசிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் வேலையில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். டோர்ச்சையும் டெஸ்டரையும் வயர் வெட்டும் குறடையும் எடுத்துக்கொண்டு ஏழாம் வீட்டுக்குப் போனேன். ராஜலிங்கம் வரவில்லை. ஹபீல் நானாவை அறையிலேயே நிற்கச் சொன்னேன்.

கதவில் பூட்டு. ஜன்னல் பலகை இடுக்கால் டோர்ச் அடித்தேன். வெறும் கட்டில். சுருட்டி வைத்த பாய். சுவரில் பிளக் பொயின்ட். அதில் எதுவும் செருகியிருக்கவில்லை.

திரும்பி நடக்கக் காலை எடுத்தேன்.

புஸ்... டக்.

உள்ளேயிருந்து வந்தது.

புஸ்... டக். புஸ்... டக்.

மழை ஓட்டில் விழுகிற சத்தமில்லை. எனக்கு மழைச் சத்தம் தெரியும். இதுவும் தெரியும்.

ஜன்னல் பலகையில் காதை வைத்தேன். மெஷினுக்கு நடுவில் இன்னொரு சத்தம். மூச்சு. இழுத்து... இழுத்து... போதாமல் மறுபடி இழுத்து...

பிறகு அது நகர்ந்தது.

கதவு திறக்கவில்லை. பூட்டு ஆடவில்லை. ஆனால் சத்தம் வெளியே வந்துவிட்டது. என் தோளை உரசிக்கொண்டு போன மாதிரி. லயத்துக் கோடியில் மேலே ஏறும் கல்படிப் பாதையில் அது போனது. ஹோட்டல் வயர் அந்தப் பாதை ஓரமாகத்தான் போகிறது.

ஓடி வேனில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் அவ்வளவு ஆத்திரம். அந்த மூச்சை மேலே விடக்கூடாது என்றா, தனியாக விடக்கூடாது என்றா... தெரியவில்லை. பின்னால் போனேன்.

பனி. டோர்ச் வெளிச்சம் இரண்டடிக்கு மேல் போகவில்லை.

முன்னால் மூச்சு. நின்று... ஏறி... நின்று...

பாதை வளைகிற இடத்தில் பழைய தண்ணீர்த் தொட்டி.

அங்கே சத்தம் நின்றது.

ஹோட்டல் வயர் தரையில் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. என் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கியிருந்தது. துணி காயப்போடும் கயிறு மாதிரி விறைத்து நின்றது. பனிக்குள் அந்தப் பக்கம் யாரோ பிடித்திருக்கிறார்கள்.

"ராஜலிங்கம் ஐயா?"



டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. கரண்ட் இல்லை. சுவிட்சை நானே இறக்கிவிட்டு வந்திருந்தேனே.

ஆனால் வயர் சூடாக இருந்தது.

உள்ளங்கைச் சூடு.

வயர் இன்னும் கொஞ்சம் என் பக்கம் நீண்டது... கொடுப்பது மாதிரி.

குறடை விரித்தேன்.

வெட்டினேன்.

இரண்டு துண்டும் சேற்றில் விழுந்தன. அப்போது, என் காதுக்குப் பக்கத்தில், ஒரு மூச்சு. நீளமாக. நெஞ்சு நிறைய.

அவ்வளவுதான்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கால் இரண்டும் கிழிந்திருந்தன. ஹபீல் நானா அறை வாசலில் நின்றார். ராஜலிங்கம் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தார். நான் போனதிலிருந்து இருவரும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. திரையில் ஏழாம் வீட்டுக்கு நேரே பூச்சியம்.

என்ன நடந்தது என்று நானா கேட்கவில்லை. "புள்ள, வேன்ல ஏறுங்க" என்றார். நான் ஏறவில்லை. ஹோட்டல் வயரைப் போர்ட்டிலிருந்து கழற்றி, வரிசையைப் பழையபடி மாற்றிவிட்டுத்தான் ஏறினேன். பாதையில் நடந்ததை அவர்கள் இருவரிடமும் சொல்லவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டிலும் சொல்லவில்லை.

அடுத்த நாளே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கவலையில்லை. காசு கொடுத்த தொண்டு நிறுவனத்துக்குப் படங்களோடு எழுதினேன். அவர்கள் வந்து சத்தம் போட்டதில் ஹோட்டல் மறுபடி அந்தப் பெட்டரியைத் தொடவில்லை. வேறு எதுவும் நடக்கவில்லை. பத்மாதேவி நோயில் செத்தார் என்று முடித்தார்கள். ஹோட்டல் இன்றும் நடக்கிறது. மரங்களில் பல்புகள் இன்றும் எரிகின்றன, ஜெனரேட்டரில்.

டிசம்பரில் ராஜலிங்கம் கோல் எடுத்தார். ஹந்தானையில் மகள் வீட்டோடு வந்துவிட்டாராம். இனித் தோட்டத்துக்குப் போகப்போவதில்லையாம். அதனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார்.

"அவ வீட்ல சாகல மிஸ். கட்டில்ல செத்ததாச் சொல்லச் சொன்னாங்க, ஹோட்டல்காரங்க. தம்பிக்கு அங்கதான் வேலை, நானும் சொல்லிட்டேன்."



அன்றைக்கு அவர் மருந்துக்காகத் தெல்தெனியவுக்குப் போயிருந்தாராம். மெஷின் நின்றதும், மேலே போய்க் கரண்ட் கேட்கிறேன் என்று பத்மாதேவி மழையில் தனியாகப் படியேறியிருக்கிறார். பாதி வழிதான் போக முடிந்தது. விடிந்துதான் கண்டார்கள். டொக்டர் வருவதற்கு முன்னால் தூக்கி வந்து கட்டிலில் போட்டிருக்கிறார்கள்.

"ரெண்டு கையாலயும் அந்தக் கறுப்பு வயரைப் புடிச்சிருந்தா மிஸ். விரலைப் பிரிக்கவே முடியல."

எந்த இடத்தில் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"வளைவுல. தண்ணித் தொட்டிக்கிட்ட."