வனஜாவின் பெயரைச் சொல்லும் வரி

வனஜா எங்கள் மாடியில் குடியிருப்பவள். வயது முப்பத்தைந்து. அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறாள். அப்பா காலமான பின் ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அம்மாவுடன் திருமுல்லைவாயிலுக்கு வந்தவள். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

ஞாயிறுதோறும் ஆவடியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கூடுவார்கள். உரியவர் அனுமதியோடு கணினிகளில் உள்ள ஓட்டைகளைக் கண்டு சொல்லும் வேலையை வனஜாவிடம் கற்பவர்கள். அவர்களுக்காக வனஜா ஒரு மென்பொருள் எழுதி இணையத்தில் பொதுவில் வைத்தாள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். ஓர் இணையதளத்தில் எந்தக் கதவு பூட்டாமல் கிடக்கிறது என்று அது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். தட்டும்போதெல்லாம் வனஜாவின் பெயரையும் மின்னஞ்சலையும் அந்தத் தளத்தின் வருகைப் பதிவில் விட்டுவரும். அந்த வரியை அவள் வேண்டுமென்றே எழுதியிருந்தாள்.

"பேரு சொல்லாம தட்டுனா அது திருட்டு சார்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

சென்ற ஆகஸ்டில் ரோஹித் என்ற மாணவன், பயிற்சிக் கணினியின் முகவரி என்று நினைத்துத் தன் கல்லூரித் தளத்தின் முகவரியைக் கொடுத்து அதை ஓட்டிவிட்டான். ஹால் டிக்கெட் எடுக்கும் நாள். இத்தனை தட்டலும் தாங்காமல் தளம் படுத்துவிட்டது. கல்லூரிக்காரர்கள் பதிவைத் திறந்தால் முழுக்க வனஜாவின் பெயர். அதை வைத்து அவள் வேலை பார்க்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்கே புகார் அனுப்பினார்கள்.

மேனேஜர் ஜானகிராமன் கூப்பிட்டு விசாரித்தார்.

"யாரும்மா ஓட்டுனது?"

"யார் வேணா எடுத்து ஓட்டலாம் சார்."

ரோஹித் முந்தின நாளே அவளிடம் போனில் அழுதிருந்தான். அவள் அவன் பெயரைச் சொல்லவில்லை.

"அப்போ அத நெட்லேர்ந்து தூக்கிடு. இல்லன்னா வேலைய விட்டுடு. ரெண்டுல ஒண்ணு."

அன்று மாலை, தண்ணீர் மோட்டார் பழுது என்று சொல்ல மாடிக்குப் போனேன். "அழிச்சிட்டேன் சார்" என்றாள். சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அதே குரல். பிறகு மோட்டாருக்கு ஆள் எப்போது வருவார் என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் நடந்ததையும் அவளே சொன்னாள். ரோஹித் வாசலிலேயே காத்திருந்தானாம்.

"அக்கா, டென்ஷன் ஆவாத. நம்ம டூல் எங்கியும் போவல. என்கிட்ட காப்பி கீது, நேத்து ஏத்திட்டேன்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக, அவன் பின்னாலேயே வந்தான்.

"உன் பேரு வர்ற வரிய தூக்கிட்டேன்கா. இனிமே எவனும் உன்ன கேள்வி கேக்க முடியாது."

"டேய், அட்ரஸே ஒழுங்கா அடிக்கத் தெரில, நீ அக்காவக் காப்பாத்துறியா?" என்றாள் கூடப் படிக்கும் பவித்ரா. எல்லோரும் சிரித்தார்கள்.

"உன் பேரயாவது போட்டியா?" என்று வனஜா கேட்டாள்.

"நான் இன்னா லூசாக்கா?"

மறுபடியும் சிரிப்பு. திருத்தவும் பரப்பவும் எல்லோருக்கும் அனுமதி தந்தவள் அவள்தான். அவனைத் தடுக்க வழியில்லை. "சரி, உக்காருங்க" என்றாள்.

அன்றைய பாடம், சோதனைக்கு முன் தளத்துக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது எப்படி என்பது. நடத்தி முடித்துவிட்டு ரயிலேறி வந்தாள்.

வேலை இருக்கிறது. ஞாயிறு வகுப்புக்கும் போகிறாள். ரோஹித் ஏற்றி வைத்ததைத்தான் பிள்ளைகள் இப்போது ஓட்டுகிறார்கள்.