பழிக்காகப் படித்த வேதியியல்

இங்கே கடலைக் குடிக்கிறார்கள். இந்த வளைகுடா நாட்டுக்கு வந்த முதல் வாரம் எனக்கு அது பிடிபடவில்லை. முகாமில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், அறைத் தோழர் சலீம் பாய் அரிசி ஊறவைக்கிற தண்ணீர், எல்லாமே கடலிலிருந்து உப்பைப் பிரித்து எடுத்தது என்றார்கள். அப்படிப் பிரிக்கிற ஆலையில்தான் எனக்கு வேலை. கடல்நீர் உள்ளே வரும் இடத்தில் கம்பி வலைகள் இருக்கும். அவற்றில் சிக்கும் பாசியையும் ஜெல்லி மீனையும் வழித்துப் போடுவேன். பத்து மணிக்கு மாதிரித் தண்ணீர்ப் புட்டிகளை ஆய்வகத்துக்குத் தூக்கிப் போவேன். நல்ல தண்ணீரை எடுத்தபின் மிஞ்சும் கெட்டியான உப்புத் தண்ணீரை ஒரு பெரிய குழாய் திரும்பவும் கடலில் கொட்டிவிடும். அந்தக் குழாய் வாயருகே முதன்முதலாக நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஊர் மரக்காணத்து உப்பளத்தில் அந்தத் தண்ணீருக்காகத்தான் நாங்கள் வெயிலைப் பார்த்துக்கொண்டு கிடப்போம்.

ஆய்வகத்தில் இருக்கும் காலித் இந்த நாட்டுக்காரர், என் வயதுதான். ஊரில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். உப்பு எடுத்தேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியையும் ஆங்கிலத்தையும் கலந்து சொன்னேன். எதிலிருந்து என்றார். கடலிலிருந்து என்றேன். தண்ணீரை என்ன செய்வீர்கள் என்றார். வெயிலுக்கு விட்டுவிடுவோம் என்றேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து, தோளில் தட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

இணையத்தில் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் இலவசமாகப் போட்டிருக்கும் பாடங்களை நான் படித்தது எப்படியோ இந்தப் பத்திரிகைக்காரர்கள் காதுக்குப் போயிருக்கிறது. எழுதுங்கள், படிக்க வசதியில்லாத மற்றவர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்றார்கள். ஊக்கம் வருமா தெரியாது. அறிவை வளர்க்க நான் படிக்கவில்லை. தணிகாசலம் என்கிற ஆளைப் பழிவாங்கப் படித்தேன். அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும்.

தணிகாசலம் எங்கள் உப்பளத்து மேஸ்திரி. நான் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் தோற்றவன். அதற்குப் பிறகு நெல்லூர் லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, புதுச்சேரியில் ரொட்டிக்கடை என்று எங்கும் ஒட்டாமல் திரிந்துவிட்டு, 2004 கோடையில் ஊருக்கு வந்து உப்பு சுமந்துகொண்டிருந்தேன். என் அக்கா செல்வி அதே அளத்தில் பதினைந்து வயதிலிருந்து உப்பு வாருகிறவள். அளத்து வேலை தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பாத்தியில் நிற்கும் தண்ணீர் வற்ற வற்றக் கெட்டியாகும். முதலில் நல்ல உப்பு இறங்கும். மேலும் வற்றவிட்டால் கசப்பும் சேர்ந்து இறங்கும். அதற்கு முன்னால் மிச்சத் தண்ணீரை வெட்டி வெளியே விட்டுவிட வேண்டும். எப்போது வெட்டுவது என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அடியில் ஈயக் குண்டும் கழுத்தில் எண்களும் இருக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டால் எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் டிகிரி. இருபத்தொன்பது வந்தால் வெட்ட வேண்டும். அந்தக் குழாய் தணிகாசலத்தின் சாப்பாட்டுப் பையில் துண்டு சுற்றி இருக்கும். வேறு யாரும் தொடக் கூடாது. காலையில் மற்ற அளங்களைச் சுற்றிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எங்கள் அளத்துக்கு வருவார். சாப்பிட்டுக் கை கழுவி, வெற்றிலை போட்டபின் டிகிரி பார்ப்பார்.

அன்றைக்கு அக்கா பாத்தித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"மேஸ்திரி, கசப்பு வந்துட்டுதுங்க. இன்னிக்கே வெட்டி வுட்டுடலாங்க."

தணிகாசலம் குழாயைப் பார்த்தார். "இருபத்தேழரைதான் காட்டுது. இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும். ஒன் நாக்கு என்னா மிஷினா?"

இரண்டு நாள் கழித்து வாரிய உப்பு ஈரம் விடவில்லை. குவியலின் அடியில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. லாரியோடு வந்த வியாபாரி ஒரு கல்லை வாயில் போட்டுத் துப்பிவிட்டு, வெறும் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார். தணிகாசலம் எல்லோரையும் குவியலைச் சுற்றி நிற்கவைத்தார். தண்ணீரை வெட்டச் சொல்லியும் செல்வி வெட்டவில்லை என்றார். அக்கா வாயைத் திறப்பதற்குள் ஒரு பிடி உப்பை அள்ளி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நாக்குல டிகிரி பாக்கறவளாச்சே நீ. தின்னு. தின்னுட்டு எத்தினி டிகிரின்னு சொல்லு."

அக்கா தின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, அந்தப் பிடி முழுவதையும் தின்றாள். அன்றோடு வேலை போயிற்று. பக்கத்து அளங்களிலும் அவளைச் சேர்க்கவில்லை. நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், தலையில் சும்மாட்டோடு.

நான் விமானம் ஏறிய இரண்டாம் மாதம், அந்த டிசம்பரில், கடல் ஊருக்குள் வந்து போனது. அளத்து வரப்புகள் கரைந்துபோயின. திரும்பக் கட்ட எல்லோரையும் கூப்பிட்ட தணிகாசலம் அக்காவை மட்டும் கூப்பிடவில்லை என்று போனில் கேள்விப்பட்டேன். கடல்மேல் வராத கோபம் அந்த ஆள்மேல் வந்தது.

ஆய்வகத்தில் ஒரு நாள் அதே மாதிரிக் கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். காலித் அதைப் புட்டியில் மிதக்கவிட்டு, கூடவே ஒரு வெப்பமானியையும் தொங்கவிட்டார். எங்கள் அளத்தில் குழாய் மட்டும்தான் உண்டு. வெப்பமானியைச் சுட்டிக்காட்டி, எதற்கு என்று கையால் கேட்டேன். எனக்குக் காய்ச்சல் என்று எண்ணிக்கொண்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இரண்டு மாத்திரை கொடுத்து, நிழலில் உட்காரச் சொன்னார். மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மறுநாள் திரும்பக் கேட்டபோது புரிந்துகொண்டு, சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டினார். மேலே சூடு, ஓரத்தில் டிகிரி, உள்ளே முழுக்க எண்கள். "யுனிவர்சிட்டி" என்று தன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். அங்கே படித்தது என்று பொருள். சூட்டுக்கும் டிகிரிக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்கிற அளவுக்கு எனக்குப் பட்டது. தணிகாசலம் உச்சி வெயிலில் குழாயை விடுவது கண்ணுக்குள் வந்து நின்றது. அவர் எதிரில் போய் நின்றால் எந்தக் கேள்விக்கும் நான் திணறக் கூடாது. அதற்குப் படிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. காலை எட்டு மணிக்கெல்லாம் கடைவீதியில் பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்பேன். வேதியியல், இலவசம், பல்கலைக்கழகம் என்று தட்டித் தட்டித்தான் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு படம் ஓடும். அதற்குள் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதுவார். இரண்டு வாக்கியம் பேசுவார், படம் நின்றுவிடும். ஒரு வட்டம் சுற்றும். அந்த நேரத்தில் அவர் சொன்ன இரண்டு வாக்கியத்தை நான் அகராதியில் தேடிவிடுவேன். இணையம் வேகமாக இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வகுப்பில் எல்லோரும் ஒருமுறை சிரித்தார்கள். எதற்கென்று நான்கு முறை திரும்ப ஓட்டியும் தெரியவில்லை. பின் வரிசையில் ஒருவன் கையில் காபிக் கோப்பையோடு தூங்கிக்கொண்டிருந்தான். நான் வாரம் முழுக்கப் பாசி வழித்துவிட்டுக் காத்திருந்த பாடத்தில் அவன் தூங்கினான். அவன் பெயர் தெரியாது. தெரிந்திருந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

ஒரு நாள் பேராசிரியர் உப்பின் குறியீட்டைப் பலகையில் எழுதி, ஒரு நிமிடம் பேசிவிட்டு அழித்துவிட்டார். அந்த ஒரு நிமிடத்துக்குள் என் அக்காவின் பதினைந்து வருடம் அடங்கிவிட்டது. பாடக் குறிப்புகளை அச்செடுத்து வந்து படுக்கையில் விரித்துப் படிப்பேன். கணக்குப் போடுவேன். திருத்திக் கொடுக்க ஆள் இல்லை. நமக்கு நாமே வாத்தியார், நாமே மாணவன். சந்தேகம் கேட்டு எழுதக் கூடாது, சான்றிதழ் கிடையாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. ஒருமுறை அந்தப் பக்கம் என்னிடமே ஒரு கேள்வி கேட்டது. நீங்கள் எதற்காகப் படிக்கிறீர்கள்? கற்பிக்கவா, தேர்வுக்கா, சொந்த ஆர்வத்துக்கா, மற்றவையா? மற்றவை என்கிற கட்டத்தில், என் அக்காவை உப்புத் தின்னவைத்தவனைப் பழிவாங்க என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று வந்தது.

கடைசித் தேர்வுத் தாளும் விடைத்தாளும் அங்கேயே கிடந்தன. விடைத்தாளை மடித்துச் சலீம் பாயிடம் கொடுத்துவிட்டேன். அவர் கோட்டக்குப்பத்துக்காரர், முகாம் சமையற்காரர். மூன்று மணி நேரம் மணி பார்த்துச் சொன்னால் போதும் என்றுதான் கேட்டேன். அவர் தொலைக்காட்சியை அணைத்தார், மற்ற ஆட்களை வெளியே அனுப்பினார், கதவைச் சாத்தினார்.

"பரீட்சைன்னா பரீட்சை மாரி இருக்கணும் தம்பி. ஜோபியக் காட்டு. பிட்டு கிட்டு இருந்தா இப்பவே குடுத்துடு."

"என் பரீட்சைக்கு நானே எதுக்கு பாய் பிட்டு அடிக்கப் போறேன்?"

"அப்டிதான் எல்லாரும் சொல்வாங்க. அங்க என்னா மேல பாக்கற? ஃபேன்லயா எழுதியிருக்குது?"

மூன்று மணி நேரமும் வெங்காயம் உரித்தபடி என் எதிரில் உட்கார்ந்திருந்தார். திருத்திப் பார்த்தபோது நூற்றுக்கு ஐம்பத்து நான்கு. பாஸா என்று கேட்டார். அமெரிக்காவுக்குத் தெரியாது பாய், நம்ம ஊருக்கு பாஸ் என்றேன். அன்று முகாமில் எல்லோருக்கும் சேமியா பாயசம் கிடைத்தது. எனக்கு அந்த ஐம்பத்து நான்குக்குள் கரைசலும் வெப்பமும் அடர்த்தியும் முழுமையாக இருந்தன. மீதி நாற்பத்தாறு தணிகாசலத்துக்குத் தேவையில்லாதவை.

2006 மே மாதம் விடுமுறையில் போனேன். வீட்டில் இறங்கிய மூன்றாம் நாள், மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஒரு தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸ் வாங்கிக்கொண்டு, சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு அளத்தில் போய் நின்றேன்.

"யாரு, செல்வி தம்பியா? ஃபாரின்லருந்து செண்ட் பாட்டில் எடுத்தாந்தியாடா?" என்றார் தணிகாசலம்.

"ஐஸ் எடுத்தாந்தேன் மேஸ்திரி. ஒங்க கொழாயக் குடுங்க."

பெண்கள் எல்லோரும் வாருபலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கொடுக்க மறுத்தால் பயந்ததாகிவிடும் என்று கொடுத்தார். வாய் வெட்டிய தண்ணீர் பாட்டிலில் பாத்தித் தண்ணீரை மொண்டு, அவரையே படிக்கச் சொன்னேன். இருபத்தேழரை என்றார். பாட்டிலை ஐஸுக்குள் புதைத்து, ஆலையிலிருந்து கொண்டுவந்த வெப்பமானியை விட்டு, குளிரும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அக்காவோடு வேலை செய்த அஞ்சலையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன்.

"இருவத்தொம்போது" என்று அவள் பக்கத்து அளம்வரை கேட்கக் கத்தினாள்.

குழாயின் கழுத்துக்குள்ளேயே, எண்களுக்கு மேலே, எறும்பு அளவில் எழுதியிருந்தது, இது அறுபது டிகிரி ஃபாரன்ஹீட்டில் பார்க்க வேண்டிய குழாய் என்று. நம் ஊர் மார்கழி விடியலில்கூட வராத குளிர் அது. தண்ணீர் சூடாக இருந்தால் லேசாகும், குழாய் ஆழமாக மூழ்கும், எண்ணைக் குறைத்துக் காட்டும். உச்சி வெயிலில் இருபத்தேழரை என்றால் உண்மையில் அது இருபத்தொன்பது. முப்பது வருடம் கையில் வைத்திருந்தவர் அதைப் படிக்கவில்லை. நாங்களும் படிக்கவில்லை. எங்களைத் தொடவிட்டதில்லை. எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். எங்கும் திணறவில்லை.

"எந்தக் காலேஜ்லடா படிச்ச?"

"அமெரிக்கா காலேஜ்ல."

"சர்ட்டிபிகேட்டக் காட்டு."

"சர்ட்டிபிகேட் இல்ல." பாத்தி ஓரத்தில் கிடந்த ஈர உப்பில் ஒரு பிடி அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "தின்னு பாருங்க. எத்தினி டிகிரின்னு சொல்லுங்க."

என்னைப் பார்த்தபடியே அதில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். முகம் மாறவில்லை. விழுங்கினார். "உப்பு உப்பாத்தான்டா இருக்குது" என்றார். பிறகு தொண்டை ஏறி இறங்கியது. பெண்களின் தண்ணீர்க் குடத்தை நோக்கி நடந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் அஞ்சலை குடத்தைத் தன் கால்மேல் கவிழ்த்தாள்.

"ஐயோ, இப்பதான் தீந்துச்சுங்க மேஸ்திரி."

அளத்திலிருந்து சாலைக்கு ஒரு மைல். நடுவில் குடிக்கிற தண்ணீர் கிடையாது. அவருடைய வெள்ளைச் சட்டை வரப்பில் சின்னதாகிப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அத்தனை நிம்மதியாக நான் எதையும் பார்த்ததில்லை. அதற்காக வருத்தப்படவும் இல்லை.

அக்கா இப்போது கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறாள். சாயங்காலம் தலைமுடியில் சிமெண்டோடு வந்தாள். கைக்குட்டையில் முடிந்துவைத்திருந்த மீதி உப்பை எடுத்துக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கை கழுவியபடியே கேட்டாள். அஞ்சலை குடத்தைக் கவிழ்த்த இடத்தில் மட்டும் சிரித்தாள்.

"ஐஸ் வச்சிப் பாத்தியா?"

"ஆமாக்கா. கரெக்டா இருவத்தொம்போது."

"அதத்தானேடா நான் அன்னிக்கே சொன்னேன்." கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "அமெரிக்காக்காரன் சொன்னப்பறந்தான் ஒனக்கு நம்பிக்க வந்துதா? அன்னிக்கு மூணடி தள்ளித்தான நின்ன."

கொழாய் தப்பாக் காட்டும்னு எனக்கு அப்பத் தெரியாதுக்கா என்றேன்.

"என்னையத் தெரியுமில்ல?"

பேராசிரியர் ஒருவரும் கேட்காத கேள்வி. நான் திணறினேன்.

நான் இங்கே திரும்பி வந்தபின் அஞ்சலை போனில் சொன்னாள். இப்போது எங்கள் அளத்தில் விடியற்காலையில் டிகிரி பார்க்கிறார்களாம். வெட்டுகிற கணக்கையும் குறைத்துவிட்டார்களாம். கசப்பு வருவதில்லையாம். தணிகாசலம் தானாகக் கண்டுபிடித்தது என்று ஊரில் பேச்சு. அக்காவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினாராம். பிடியில மீதி உப்பு இருக்குது, வந்து தின்னுட்டுப் போவச் சொல்லு என்று அக்கா சொல்லி அனுப்பிவிட்டாள். இந்தப் பத்திரிகை மரக்காணம் பேருந்து நிலையக் கடையில் தொங்கும் என்று எனக்குத் தெரியும். யார் கண்டுபிடித்தது என்று அங்கே தேநீர் குடிப்பவர்கள் படிக்கட்டும். செல்வி கண்டுபிடித்தது, நாக்கால்.

அந்த மீதி உப்பு உண்மையில் அவளிடம் இல்லை. நான் கிளம்பும்போது கைக்குட்டை முடிச்சோடு என் சட்டைப் பையில் வைத்து, "ஒனக்குந்தான்" என்று சொல்லி அனுப்பினாள். இங்கே என் அலமாரியில், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கிறது. கசப்பு உப்பு காய்வதே இல்லை. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த நாட்டுக் கடற்காற்றின் ஈரத்தை இழுத்து, வெள்ளிக்கிழமைக்குள் கிண்ணத்தின் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. ஆய்வகத்தில் குழாயும் வெப்பமானியும் அட்டவணையும் இருக்கின்றன, கேட்டால் காலித் கொடுப்பார். நான் கேட்பதில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன்.