ஒச்சோவாவின் புது வீடு

ஒச்சோவாவைப் போல வயிறெரிந்த மனிதனை எங்கள் பள்ளத்தாக்கு கண்டதில்லை. அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி நான். எதைச் சொன்னாலும் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் எந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிறோமோ அந்த வீட்டுப் பெயர்தான் நமக்கு. வீடோ ஒரே பிள்ளைக்குத்தான் போகும். ஆணா பெண்ணா என்பது பெற்றவர்கள் இஷ்டம். ஒச்சோவா மூத்தவன். ஆனாலும் அப்பன், அரிஸ்பே என்ற தன் வீட்டைத் தங்கை மிலியாவுக்குக் கொடுத்துவிட்டார். அவளைக் கட்டிக்கொண்டு எங்கிருந்தோ வந்த லோப்பே, வாசற்படி தாண்டிய அன்றே அரிஸ்பே ஆகிவிட்டான்.

வீடு போனதைக்கூட ஒச்சோவா பொறுத்துக்கொண்டான். பெயர் போனதுதான் அவனை அரித்தது. சந்தையில் யாராவது "அரிஸ்பே!" என்று கூப்பிட்டால் இவன் தலை தானாகத் திரும்பும். அங்கே லோப்பே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

"என்ன மச்சான், என்னைக் கூப்பிட்டா நீ எதுக்குத் திரும்புற?"

"நான் பொறந்த வீட்டுப் பேருடா அது. நீ வந்து ஒட்டிக்கிட்டவன்."

"ஒட்டிக்கிட்டவன் உள்ள இருக்கேன். பொறந்தவன் வெளிய நிக்கிற."

அதற்குப் பிறகு ஒச்சோவாவுக்குச் சோறு இறங்குமா? காட்டில் கரி சுட்டுச் சேர்த்ததையெல்லாம் கொட்டி, என் வீட்டை ஒட்டி ஒரு வீடு கட்டினான். தங்கை வீட்டைவிட ஒரு முழமாவது உயரமாக இருக்க வேண்டும் என்று கொத்தனார் உயிரை எடுத்தான். எங்கள் பேச்சில் அரிஸ்பே என்றால் ஓக் மரத்தடி. அதனால் ஒரு ஓக் கன்றைக் கொண்டுவந்து வாசலில் நட்டு, "இதுதான் இனிமே அரிஸ்பே" என்று ஊரையே கூப்பிட்டு விருந்து வைத்தான். ஊர்ச்சனம் பன்றி இறைச்சியைத் தின்றது, ஆப்பிள் மதுவைக் குடித்தது, "எச்செபெர்ரியில நல்ல சாப்பாடு" என்று சொல்லிக்கொண்டே போனது. எச்செபெர்ரி என்றால் வெறும் புது வீடு. அவ்வளவுதான்.

அடுத்த இலையுதிர் காலத்தில் அவன் மனைவி ஓசானா மகனைப் பெற்றாள். பெற்றவள் கோயிலுக்குப் போகக் கூடாது. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கிப் போக வேண்டியவள் பக்கத்து வீட்டுக்காரி. வாசலில் ஒச்சோவா என்னை மடக்கினான்.

"அக்கா, சாமியார் கேட்டா அரிஸ்பேன்னு சொல்லு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

உள்ளே ஓசானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மனுசன் ஆயிரம் சொல்லுவாரு. அந்த மிலியா வீட்டுப் பேரு என் பிள்ளைக்கு எதுக்குக்கா? எனக்கு வீடு இல்லையா?"

பெற்ற வலி அவளுடையது. கோயிலில் சாமியார், "எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டதும், "எச்செபெர்ரி" என்றேன். ஒச்சோவாவின் முகம் செத்துப்போனது. மிலியாவோடு வந்திருந்த லோப்பே எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தான்.

மிலியா சிரிக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கையை நீட்டினாள்.

"அண்ணே, ஒரு தடவை தூக்கிக்கட்டுமா?"

ஒச்சோவா அவளையும், அவள் கையையும், லோப்பேயின் சிரிப்பு அடங்குவதையும் பார்த்தான். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இது எச்செபெர்ரி வீட்டுப் பிள்ளை" என்றான். "அரிஸ்பேக்காரங்க தள்ளி நில்லுங்க."