கரணைக்கு முந்தின கரணை

எங்கள் வீட்டில் கடவுள் இல்லை என்று சத்தம் போடுகிறவள் நான். அக்காவோ கன்னியாஸ்திரி. இரண்டும் என் வயிற்றில்தான் பிறந்ததா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எலவனாசூர்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அக்கா கல்வராயன் மலைமேல், மடத்துப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அந்தத் தை மாதம் அவள் லீவில் வந்தாள். அது சாதாரண லீவு இல்லை. திரும்பிப் போனதும் துறவுக்கான கடைசி வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டும். அதுவரை கொடுத்ததெல்லாம் வருஷா வருஷம் புதுப்பிக்கிறது. வேண்டாமென்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். இதைக் கொடுத்துவிட்டால் சாகும்வரை மடம்தான். வடக்கே எங்கோ அனுப்பிவிடுவார்கள் என்று வேறு பேச்சு. அவளை வீட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு இருந்த கடைசி வாய்ப்பு அந்த லீவு.

வாய்ப்பை அவளே கொடுத்தாள். "மடத்துல நான் இன்னா சொன்னாலும் ஆமா ஆமான்னு தலையாட்றாங்க. நீதான் சண்டக்காரி. கடவுள் இருக்காருன்னு பெரியவங்க சொன்ன வாதத்த ஒவ்வொண்ணா வெக்கிறேன். முடிஞ்சா தள்ளு. பாவம் பாக்காத" என்றாள்.

"தள்ளிட்டா?"

"மொதல்ல தள்ளு, அப்புறம் பாக்கலாம்."

எனக்கு அது போதும். எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் அவள் போகமாட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

கரும்பு நடவு நேரம். கொல்லையில் உட்கார்ந்து இரண்டு பேரும் கரணை நறுக்கினோம். கணுவோடு வெட்டின அந்தத் துண்டைப் புதைத்தால்தான் அடுத்த கரும்பு. அக்கா ஒரு கரணையைத் தூக்கிக் காட்டினாள். "இது எங்கேந்து வந்துச்சு? போன வருசக் கரும்புலேந்து. அது? அதுக்கு முந்தின கரணைலேந்து. இப்டியே பின்னால போய்க்கினே இருக்க முடியுமா? மொதல்னு ஒண்ணு வேணாமா?"

"ஏன் வேணும்? பூஜ்யத்துக்குப் பின்னால மைனஸ் ஒண்ணு, மைனஸ் ரெண்டுன்னு போய்க்கினே இருக்குது. எந்த எண்ணு அழுவுது, மொதல் இல்லன்னு? சரி, எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்னா கடவுளுக்கு யாரு காரணம்?"

"அவருக்கு வேணாம்."

"அப்ப ஒலகத்துக்கும் வேணாம்னு வெச்சிக்கயேன், ஒரு ஆள் கம்மியாவும்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டு, "இது விழுந்துச்சு" என்று ஒத்துக்கொண்டாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்ததும், என்னை எரிய வைத்ததும். தோற்கும்போது மழுப்பவே மாட்டாள்.

அடுத்த நாள் தூக்கணாங்குருவிக் கூட்டைக் காட்டி, இவ்வளவு நேர்த்திக்குப் பின்னால் ஒரு கை இருக்காதா என்றாள். நான் ஒரு கரும்பைப் பிளந்து, உள்ளே குடைந்துகொண்டிருந்த புழுவைக் காட்டினேன். "இதையும் அந்தக் கைதான் பாத்துப் பாத்து செஞ்சுதா?" என்றேன். அக்கா வெகுநேரம் அந்தப் புழுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மூன்றாவது வாதம். நினைக்க முடிந்ததிலேயே பெரியவர் கடவுள். நினைப்பில் மட்டும் இருப்பவரைவிட நிஜமாகவே இருப்பவர்தானே பெரியவர்? அதனால் அவர் இருந்துதான் ஆக வேண்டும்.

"நினைக்க முடிஞ்சதுலயே நல்ல மாப்பிள்ளைய நான் நினைச்சிக்கினுதான் இருக்கேன். அந்தக் கணக்குக்கு அவன் நேத்தே வந்து வாசல்ல நின்னிருக்கணும்" என்றேன்.

"வந்தா சொல்லுடி, ஒரு டம்ளர் அரிசி ஜாஸ்தி போடறேன்" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள். அவளுக்கு வாதம் புரியாது என்று யார் சொன்னது? ராத்திரி சோறு போடும்போதெல்லாம், "இன்னிக்கு யாரு ஜெயிச்சது?" என்று கேட்பாள். நான் என்று சொன்னால் ஒன்றும் பேசாமல் அக்கா தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எல்லாரும் முழங்காலிட்டபோது அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். அம்மா என் கையைக் கிள்ளினாள். எனக்கோ மனசுக்குள் கொண்டாட்டம். பீரோவில் என் புடவைகளை ஒதுக்கி அவளுக்கு ஒரு தட்டுகூடக் காலி செய்துவிட்டேன்.

ஆனாலும் லீவு முடிந்த காலையில் அவள் பையைக் கட்டினாள். "பொருளெல்லாம் அங்கதானே இருக்குது" என்றாள். எடுத்துக்கொண்டு வரத்தான் போகிறாள் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டு கூடவே கிளம்பினேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி பஸ் மலை ஏறியது. பாதி மலையில் என்ஜின் சூடேறிவிட்டது. தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வளைவில் நிறுத்தினார்கள். நாங்கள் இறங்கித் தடுப்புச் சுவர் ஓரமாக நின்றோம். கீழே ஒன்றும் தெரியவில்லை, வெறும் பனி. குளிர் காதைக் கடித்தது.

"எல்லா வாதமும் விழுந்துடுச்சுக்கா. அப்புறம் எதுக்குப் போற? வா, வூட்டுக்குப் போலாம்" என்றேன். கேட்டேவிட்டேன். 

அவள் சுவர்மேல் சாய்ந்து கீழே பார்த்தாள். அந்நேரம் பனி விலக ஆரம்பித்தது. முதலில் அணைத் தண்ணீர் தெரிந்தது. பிறகு மரவள்ளிக் கொல்லைகள், கரும்புத் தோட்டங்கள், கோடாக ஒரு ரோடு. அதற்கும் அப்பால், எங்கள் ஊர் இருக்க வேண்டிய திக்குவரை சமவெளி வெயிலில் விரிந்து கிடந்தது. அம்மாடி! ஏறி வந்த வழிதான், அதே மண்தான். முன்பின் பார்க்காததைப் போல நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அக்கா மெதுவாகச் சொன்னாள். "நீ சொன்னதெல்லாம் சரி. யாரு செஞ்சாங்க, எது மொதல், அதெல்லாம் நான் கேக்கல. இதோ, இந்த மலை, தண்ணி, நீ, நானு, நாம போட்ட சண்ட, அந்தப் புழு. ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கலாம் இல்ல? ஒண்ணுமேன்னா, ஒண்ணுமே. ஆனா இருக்குதே. ஏன்டி?"

வாயைத் திறந்தேன். என்னிடம் எப்போதும் நாலு பதில் இருக்கும். கேள்வியே தப்பு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கீழே அத்தனையும் வெளிச்சத்தில் கிடக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது. "அதான் போறேன்."

"தெரியாமலேயா?"

"தெரிஞ்சுட்டா எதுக்குடி ஆயுசு பூரா?"

கண்டக்டர் விசில் அடித்தார். மடம் இருந்த வெள்ளிமலையில் அவள் இறங்கினாள். கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான் அதே பஸ்ஸில் கீழே வந்தேன். வழியெல்லாம் அவளைத் திட்டினேன், மடத்தைத் திட்டினேன், இல்லாத கடவுளையும் விட்டுவைக்கவில்லை.

அந்த வளைவு வந்ததும் திட்டு நின்றுபோனது. ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம் என்றால், அக்காவும்தானே இல்லாமல் இருந்திருக்கலாம்? அவளை இழக்கப்போகிறேன் என்றே அத்தனை நாளும் வெந்துகொண்டிருந்தேன். அவள் எனக்குக் கிடைத்ததை நினைத்து ஒரு நாளும் அதிசயப்பட்டதில்லை. தோற்றதைச் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்கிற ஒருத்தி, இத்தனை பெரிய உலகத்தில், என் வீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்து கரணை நறுக்கினாள். அப்படி நடந்தாக வேண்டும் என்று எந்தக் கணக்கிலும் இல்லை. பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

கடவுள் இல்லை என்றுதான் இன்றும் சொல்கிறேன். கொஞ்சம் சத்தம் குறைத்துச் சொல்கிறேன்.

அன்று அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சோறு போட்டாள். வழக்கம்போலவே கேட்டாள்.

"இன்னிக்கு யாரு ஜெயிச்சது?"

"நான்தாம்மா" என்றேன்.

அம்மா ஒன்றும் பேசாமல் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.